டாலர் ஸ்ட்ரீட் இணையத்தளம்: தமிழ் வகுப்பில் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

அனைத்துலக நட்பு தினம் வந்தால் நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். கொடிகள் தொங்கும். பிள்ளைகள் பிற நாட்டு உடையணிந்து வருவார்கள். கொஞ்சம் பலகாரம் கிடைக்கும், பல மொழிகளில் வணக்கம் சொல்லிப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் ஒரு தொடக்கநிலை 4 மாணவரிடம், "இந்தோனீசியாவில் உன் வயதுப் பிள்ளை வீட்டில் எந்த அடுப்பில் சமையல் நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். படகேறினால் ஒரு மணி நேரத்தில் இந்தோனீசியத் தீவான பாத்தாம். இருந்தாலும் பதில் வராது. கொடியும் உடையும் ஒரு நாட்டின் விழா நாளைக் காட்டுகின்றன. சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்பதை அவை காட்டுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டும் இலவசக் கருவிகளில் டாலர் ஸ்ட்ரீட்தான் முதலிடத்துக்கு உரியது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 2005ல் தொடங்கப்பட்ட கேப்மைண்டர் அறக்கட்டளை இதை நடத்துகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான அன்னா ரோஸ்லிங் ரோன்லுண்டின் யோசனை இது. தளம் 2016ல் வெளிவந்தது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

உலகத்து வீடுகள் எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஏழ்மையான வீடு இடது கோடியில், ஆகப் பணக்கார வீடு வலது கோடியில். கதவு எண்ணுக்குப் பதில் அந்தக் குடும்பத்தின் மாத வருமானம். 60க்கும் மேற்பட்ட நாடுகளில் 400க்கும் அதிகமான வீடுகளுக்குப் புகைப்படக்காரர்கள் போயிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்: வாசற்கதவு, படுக்கை, அடுப்பு, பல் துலக்கும் பொருள், குடிநீர், கழிவறை, மசாலாப் பொருள்கள், விளையாட்டுப் பொருள், அடுத்து வாங்க நினைக்கும் பொருள். படங்கள் 30,000க்கு மேல். மேலே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது எல்லா வீடுகளிலிருந்தும் வந்து நிற்கும். தெருவின் இரு முனைகளிலும் உள்ள நகர்த்தியை இழுத்தால் குறிப்பிட்ட வருமான எல்லைக்குள் இருக்கும் வீடுகள் மட்டும் மிஞ்சும். நாடு, வட்டாரம் வாரியாகவும் வடிகட்டலாம். ஒரு படத்தைத் தொட்டால் அந்தக் குடும்பத்தைப் பற்றிய சிறு குறிப்பு வரும். அங்கிருந்து அந்த வீட்டின் மற்ற படங்களுக்கும் போகலாம்.

அடுப்பு என்ற தலைப்பைத் திறந்து இடமிருந்து வலமாகப் பாருங்கள். மாதம் 30 டாலரை ஒட்டிய முனையில் மூன்று கல், விறகு. கொஞ்சம் நகர்ந்தால் கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு. நடுத்தெருவில் எரிவாயு அடுப்புகள் வரிசைகட்டும். 10,000 டாலரைத் தாண்டிய முனையில் மின்னடுப்பு பதித்த மேடை. நடுத்தெருவில் இருக்கும் ஒரு சீன அடுப்பையும் ஒரு கொலம்பிய அடுப்பையும் ஓர் இந்திய அடுப்பையும் நாட்டின் பெயர் இல்லாமல் கலைத்து வைத்தால், எது எந்த நாடு என்று சொல்லப் பெரியவர்களே திணறுவார்கள். அதே சமயம் ஒரே இந்தியாவுக்குள் இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் இருக்கும் தூரம் மலைப்பூட்டும். 'இந்தியர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள்', 'ஆப்பிரிக்காவில் இப்படித்தான்' என்ற வாக்கியங்களை ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமலேயே இந்த வரிசை உடைத்துவிடும். பாடநூலின் 'பிற நாட்டு மக்கள்' பக்கம் ஒரு நாட்டுக்கு ஒரு படம் என்ற கணக்கில் இருப்பதால் அதற்கு இது முடியாது.

ஆனால் கருவி நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பாடமும் நன்றாக அமைந்துவிடாது. தளத்தைத் திரையில் திறந்து, "பாருங்கள் பிள்ளைகளே" என்று விட்டுவிட்டால் கெட்டுப்போவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நாட்டின் பெயர் முன்னால் வந்துவிடுவது. பெயரைப் பார்த்தவுடன் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆப்பிரிக்க நாடு என்றால் இடப்பக்கம், ஐரோப்பா என்றால் வலப்பக்கம் என்று கை தானாக நகர்ந்துவிடும். எனவே முதல் பாடத்தில் தளத்தை நேரடியாகத் திறக்காமல் அச்சிட்ட அட்டைகளை வைத்துத் தொடங்குவதே சரி. ஒரு தொகுப்புக்கு 12 படங்கள் போதும். இந்தியா, சீனா, இன்னும் ஓர் அண்டை நாடு ஆகிய மூன்றிலிருந்தும் தலா மூன்று: மாதம் 200 டாலருக்குக் கீழே ஒன்று, 300 முதல் 1,000 வரை ஒன்று, 1,500க்கு மேல் ஒன்று. மீதி மூன்றை ஆப்பிரிக்கா, ஐரோப்பா, தென்னமெரிக்காவிலிருந்து எடுக்கலாம். ஆப்பிரிக்கப் படம் இடக்கோடியிலிருந்து வரக்கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். ஏ5 அளவில் வண்ணத்தில் அச்சிட வேண்டும். விறகடுப்புள்ள சமையலறைகள் இருட்டானவை, கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் வெறும் கருமைதான் மிஞ்சும். பின்புறம் வருமானத்தையும் நாட்டையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். 15 பேர் இருக்கும் தமிழ் வகுப்பு என்றால் மூவர் கொண்ட 5 குழு, ஆக 60 அட்டைகள்.

ஒரு மணி நேரப் பாடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 5 நிமிடம் பேசாமல் படங்களைப் பார்ப்பது. அடுத்த 15 நிமிடம் வருமான வரிசையில் அடுக்குவது. பின் 10 நிமிடம், ஏன் அப்படி அடுக்கினோம் என்று பக்கத்துக் குழுவுக்கு விளக்குவது. அடுத்த 10 நிமிடத்தில் வருமான ஒட்டுத்தாளை மட்டும் பிரிப்பது. அதற்கடுத்த 10 நிமிடத்தில்தான் நாடு. கடைசி 10 நிமிடம் எழுத்து. வருமானமும் நாடும் சேர்ந்து வெளிப்பட்டால் பாதிப் பாடம் போய்விடும். ஒரே நாட்டின் மூன்று அட்டைகள் தெருவின் மூன்று மூலைகளில் கிடப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்த இடைவெளி.

முதல் தலைப்பாக அடுப்பைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லா வீட்டிலும் உண்டு, யாரையும் கூச வைக்காது, ஒரு படத்தில் நிறையச் செய்தி இருக்கிறது. பொம்மைகள் கவர்ச்சியானவைதான், ஆனால் சின்னப் பிள்ளைகளை உடனே "ஐயோ பாவம்" என்று சொல்ல வைத்துவிடும். கழிவறையில் தொடங்கினால் சிரிப்பிலும் அருவருப்பிலும் நேரம் கரையும். கழிவறையைப் பிற்பாடு, நவம்பர் 19 உலகக் கழிவறை தினத்தையொட்டி எடுக்கலாம். அந்த நாளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013ல் ஏற்றுக்கொண்டது சிங்கப்பூர் முன்வைத்த தீர்மானத்தால்தான். உலகக் கழிவறை அமைப்பு தொடங்கியதும் இங்கேதான், 2001ல். இதைச் சொல்லிவிட்டுப் படங்களைக் காட்டினால் வகுப்பு அடங்கிக் கேட்கும்.

இரண்டாவது கெடுதல், டாலர் கணக்கு. "மாதம் 200 டாலரா? அப்படியென்றால் எத்தனை சிங்கப்பூர் வெள்ளி?" என்று ஒரு பிள்ளை கேட்கும். ஆசிரியர் உடனே அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிச் சொல்லிவிடுவார். அது தவறு. தளத்தில் உள்ளது வாங்கும் சக்தியைச் சரிசெய்த டாலர். ஒரு பங்களாதேஷ் குடும்பத்துக்கு 200 என்று போட்டிருந்தால், அமெரிக்காவில் 200 டாலருக்கு எவ்வளவு பொருள் வாங்கலாமோ ஏறக்குறைய அவ்வளவு பொருளை அந்தக் குடும்பம் தன் ஊரில் வாங்குகிறது என்று அர்த்தம். உள்ளூர் விலை மலிவு என்பது அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. "அங்கே எல்லாம் மலிவுதானே, 200 போதும்" என்ற சமாதானமும் அதனால் செல்லாது. சொந்த வயலில் விளைந்து வீட்டிலேயே சமைத்த தானியத்துக்கும் மதிப்புப் போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். தொடக்கநிலை 5, 6 பிள்ளைகளுக்கு ஒரு கடைப் பட்டியலோடு விளக்கினால் புரியும்: அரிசி, முட்டை, எண்ணெய், பேருந்துக் கட்டணம். அதற்குக் கீழே உள்ள வகுப்புகளில் எண்ணைச் சொல்லாமல் 'தெருவின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம்' என்று மட்டும் பேசுவது நல்லது.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. உலக வங்கியின் கடும் வறுமைக் கோடு 2022ல் நாளுக்கு 2.15 டாலர் என்றும் 2025 ஜூனில் 3 டாலர் என்றும் மாறியிருக்கிறது. விலை அடிப்படை ஆண்டும் மாறியது. பழைய சுவரொட்டியில் இருக்கும் 1.90ஐ வைத்துக்கொண்டு தளத்தின் எண்களோடு ஒப்பிட வேண்டாம்.

மூன்றாவது கெடுதல்தான் பெரியது. அது இரக்கமாக வேடமிட்டு வரும். படங்களைப் பார்த்து முடித்ததும், "நாம் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள், பார்த்தீர்களா?" என்று பாடத்தை முடிப்பது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை அந்தப் படத்தில் அடுப்பைப் பார்க்காது, தன் அதிர்ஷ்டத்தைத்தான் பார்க்கும். படத்தில் இருக்கும் அம்மா வெறும் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுவார். "உனக்கு இங்கே வாழப் பிடிக்குமா?" என்ற கேள்வியும் அதே பள்ளத்தில்தான் கொண்டுபோய்த் தள்ளும்.

கேட்க வேண்டியவை வேறு. இந்த அடுப்பில் சோறு வேக யார் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்க வேண்டும்? விறகு எங்கிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்? மழை பெய்தால் என்ன செய்வார்கள்? புகை எந்த வழியாக வெளியேறும்? கடைசிக் கேள்வி ஒன்றே ஒரு முழுப் பாடத்துக்குப் போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 210 கோடிப் பேர் இன்னமும் விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் போன்ற புகையும் எரிபொருளில் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் அந்தப் புகையால் 2020ல் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று அதன் மதிப்பீடு சொல்கிறது. மூன்று கல் அடுப்பைப் பாவம் என்று பார்ப்பதற்கும், சன்னலில்லாத அறையில் எரியும் அடுப்பு நுரையீரலை என்ன செய்யும் என்று யோசிப்பதற்கும் இருக்கும் இடைவெளியைத்தான் பாடம் கடக்க வேண்டும்.

இரக்கத்தைத் தணிக்க இன்னொரு வழி இங்குள்ள ஆசிரியர்களின் கைக்குள்ளேயே இருக்கிறது. 12 அட்டைகளோடு சிங்கப்பூரின் 1950கள், 60களைச் சேர்ந்த இரண்டு கம்பத்து (பழைய கிராமக் குடியிருப்பு) படங்களையும் சொல்லாமல் கலந்துவிடுங்கள். அத்தாப்பு ஓலைக் கூரை வீடு, தெருக்குழாயில் வாளியோடு நிற்கும் வரிசை, கரி அடுப்பு. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் தேடினால் கிடைக்கும் (அவற்றின் பயன்பாட்டு விதிகள் வேறு, அந்தப் பக்கத்தில் உள்ளதைப் படித்துவிட்டு எடுக்கவும்). வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது 1960ல்தான். புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தது 1961ல். வாளியில் மலம் அள்ளும் முறை இங்கே முற்றாக நின்றது 1987ல், இன்றைய மாணவர்களின் பெற்றோரில் பலர் அப்போது பிறந்துவிட்டார்கள். இடக்கோடியில் தாங்கள் அடுக்கிய அட்டையைத் திருப்பி 'சிங்கப்பூர்' என்று பார்க்கும் பிள்ளைக்கு, அந்தத் தெருவில் வீடுகள் இடம்பெயரும் என்பது புரியும். ஒரு வீட்டை இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு எது நகர்த்துகிறது என்ற கேள்வி அப்போது தானாக எழும். வேலை, பள்ளி, குழாய்த் தண்ணீர், மின்சாரம் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.

வீட்டுப்பாடமும் இந்த வழியிலேயே போகட்டும்: தாத்தா பாட்டியிடம், அவர்கள் சிறு வயதில் வீட்டில் இருந்த அடுப்பைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டு எழுதி வருவது. ஒரு பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்து விறகடுப்பைச் சொல்வார், இன்னொருவர் மலேசிய ரப்பர்த் தோட்டத்து லயத்தைச் சொல்வார், மற்றொருவர் செம்பவாங் கம்பத்தைச் சொல்வார். ஆனால் "உங்கள் வீட்டுச் சமையலறையைப் படமெடுத்து வாருங்கள், தெருவில் நம் வீடு எங்கே வரும் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரே வகுப்பில் ஓரறை வாடகை வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் தரைவீட்டிலிருந்து வரும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தளம் வருமானத்தால் வரிசைப்படுத்துகிறது. அந்த அளவுகோலை வகுப்பிலுள்ள பிள்ளைகள் மேல் வைக்கக்கூடாது.

அண்டை நாடாக எதை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பங்களாதேஷ், இந்தோனீசியா, மியன்மார், பிலிப்பீன்ஸ் நான்கும் தளத்தில் உண்டு. நம் அடுக்குமாடிகளைக் கட்டுகிறவர்களும், பல வீடுகளில் சமைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் வரும் நாடுகள் இவை. அதனாலேயே இவற்றைத் தவிர்க்காமல் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு நாட்டுக்கு ஒரே ஓர் ஏழை வீட்டைக் காட்டினால், பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பணிப்பெண் அக்காவிடம், "உங்கள் வீடும் இப்படித்தானா?" என்று கேட்டுவிடும். நாட்டு வடிகட்டியைப் போட்டு எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று முன்பே எண்ணிப் பாருங்கள். வருமானத்தில் விலகி நிற்கும் மூன்று வீடாவது இல்லாவிட்டால் அந்த நாட்டை அட்டைத் தொகுப்பில் சேர்க்க வேண்டாம்.

தமிழ்ப் பாடத்துக்கு இதனால் கிடைக்கும் லாபம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். தொடக்கநிலை இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். கண்ணில் தெரிவதைச் சொல்வதோடு நிற்காமல், அதிலிருந்து ஊகித்துக் காரணமும் சொல்ல வேண்டும். இந்த அட்டைகள் அதற்கே செய்தவைபோல் பொருந்துகின்றன. "சுவரில் புகை படிந்திருப்பதால், இந்த வீட்டில் விறகுதான் எரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்" என்ற வாக்கிய அமைப்பைப் பலகையில் எழுதி வைத்து, ஒவ்வோர் அட்டைக்கும் ஒன்று சொல்லச் சொன்னால் போதும். ஓட்டு வீடு, தகரக் கூரை, கயிற்றுக் கட்டில், பாய், குடம், அம்மி போன்ற சொற்கள் புழக்கத்தில் வந்து சேரும். தொடக்கப்பள்ளியில் குடிமை, நற்பண்புக் கல்வியும் தாய்மொழியிலேயே நடப்பதால் இரண்டு பாடங்களையும் ஒரே அட்டைத் தொகுப்பால் நடத்திவிடலாம்.

தளத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். குடும்பக் குறிப்புகளைத் தமிழில் எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலக் குறிப்பைப் படித்து, வேலை, வீட்டிலிருப்போர், அடுத்து வாங்க விரும்புவது ஆகிய மூன்றையும் ஐந்து வரித் தமிழாக ஆசிரியரே எழுத வேண்டும். ஒரு தொகுப்புக்கு ஒரு மாலை நேரம் போய்விடும். பல படங்கள் பத்தாண்டுப் பழையவை. அந்த வீட்டில் இன்று வேறு அடுப்பு இருக்கலாம் என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். தலைப்புப் பட்டியலில் மது, மாதவிடாய்த் துணி போன்றவையும் வரும். சிறு பிள்ளைகளிடம் சாதனத்தைக் கொடுத்துத் தேடச் சொல்வதாக இருந்தால் எந்தத் தலைப்பு என்பதை ஆசிரியரே திறந்து கொடுப்பது நல்லது. ஒரே நேரத்தில் வகுப்பு முழுவதும் ஐபேடில் திறந்தால் நூற்றுக்கணக்கான படங்கள் இறங்கவேண்டியிருப்பதால் தளம் இழுக்கும், குழுவுக்கு ஒரு சாதனம் போதும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. தெருவில் வீடுகள் சீராகப் பரவி நிற்பதால், உலகத்தில் ஏழைகளும் பணக்காரர்களும் அதே விகிதத்தில் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வீடுகள் கருத்துக்கணிப்புபோலத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஒரு நாட்டின் சராசரியையோ, எத்தனை பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையோ இதிலிருந்து சொல்ல முடியாது. எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டும் இந்தத் தளம், ஏன் அப்படி என்று சொல்வதும் இல்லை. போர், காலனி ஆட்சி, வணிகம், ஊழல், வறட்சி எதுவும் படத்தில் தெரியாது.

அதனால் உயர்நிலைப் பள்ளியில் பாடத்தை வேறு மாதிரி அமைக்க வேண்டும். உயர்நிலை 3, 4ன் சமூகவியல் பாடத்தில் உலகமயமாதல் ஒரு பகுதி. ஆளுக்கொரு சாதனமும் கையில் இருக்கிறது. அட்டை அடுக்கும் வேலை அவர்களுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். மாறாக, ஒரு நாட்டைக் கொடுத்து மூன்று வேலை சொல்லுங்கள்: தளத்தில் அந்த நாட்டுக்கு எத்தனை வீடுகள், எத்தனை நகரத்தில், எத்தனை கிராமத்தில் என்று எண்ணுவது, இந்த வீடுகளை மட்டும் வைத்து அந்த நாட்டைப் பற்றிச் சொல்லக்கூடாத மூன்று வாக்கியங்களை எழுதுவது, நடுத்தெருவில் உள்ள ஒரு வீட்டைத் தேர்ந்து அந்த வீட்டுப் பொருள்களில் எவை அந்நாட்டுக்கு வெளியே செய்யப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது. மூன்றாவது வேலையை நம் வீட்டுச் சமையலறைக்கும் செய்து பார்க்கலாம். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகும் ஊரில் பட்டியல் நீளமாகவே வரும்.

படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமத்தில் வெளியிடப்பட்டவை. அச்சிடலாம், பயிற்சித்தாளில் போடலாம், மாணவர் கற்றல் தளத்திலும் ஏற்றலாம். ஒவ்வோர் அட்டையின் அடியிலும் புகைப்படக்காரர் பெயரும் 'டாலர் ஸ்ட்ரீட், கேப்மைண்டர்' என்ற குறிப்பும் இருக்க வேண்டும். படத்தைப் பதிவிறக்கும் அதே நேரத்தில் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 60 அட்டை அச்சான பிறகு எது யார் எடுத்தது என்று தேடுவது பெரும்பாடு.